வாவிக்கரை வகுப்பில் உரோமாபுரி



படித்த பாடங்களிலே மனதில் நின்றுவிட்ட ஒன்றைப் பற்றிப் பேசும்படி என்னிடம் கேட்டிருந்தார்கள். இவர் சங்க இலக்கியத்தைப் பற்றியோ கூத்தைப் பற்றியோ பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கக் கூடும். நான் பேச வந்திருப்பது உரோமாபுரியைப் பற்றி. மட்டக்களப்பு வாவிக்கரையிலே, ஓடு கழன்ற ஒரு வகுப்பறையில், ஏழு மாணவர்கள் சேர்ந்து படித்த உரோமாபுரி அது.

எங்கள் வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடலை ஒட்டியே கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் இடையிலுள்ள மணல் நிலம் எழுவான்கரை. சூரியன் எழும் பக்கம். வயலும் குளமும் காடுமான மறுபக்கம் படுவான்கரை. எங்கள் வீடு படுவான்கரையிலே. உயர்தரம் படிப்பதற்கான பாடசாலையோ எழுவான்கரையிலே. ஆகவே 1993ஆம் ஆண்டு தொடக்கம் மண்முனைத் துறையிலே பாதை ஏறி இக்கரைக்கு வந்தேன். பாதை என்றதும் வெளியூர் நேயர்கள் தெருவை நினைத்துவிடக் கூடாது. ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு துறை கடக்கும் மிதவைக்கு எங்கள் பகுதியிலே அதுதான் பெயர். பாதை ஓடாத நாளிலே தோணி. தோணியும் ஓடாத நாளிலே படிப்பு இல்லை. 2014இலே அந்த இடத்தில் பாலம் திறந்துவிட்டார்கள். இன்று நான்கு நிமிடத்திலே கடந்துவிடுகிறார்கள்.

கிரேக்க, உரோம நாகரிகம் என்ற பாடத்தை நான் விரும்பி எடுத்தேன் என்று சொன்னால் பொய். கலைப்பிரிவிலே நாங்கள் கேட்ட ஒரு பாடத்துக்கு ஆசிரியர் இல்லை. இந்தப் பாடத்துக்கு ஒருவர் இருந்தார். பேராதனையிலே படித்தவர். போகக்கூடியவர்களெல்லாம் ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருந்த காலத்திலே போகாமல் இருந்தவர். நூல் கிடையாது. அவர் கையால் எழுதி றோணியோவில் எடுத்த தாள்கள்தான் எங்களுக்கு நூல். அந்தத் தாள்களிலே கிரந்த எழுத்துக்கு இடமில்லை: 'யூலியசு', 'அகத்தசு', 'கிராக்கசு'. என் அக்கா அதை வாசித்துவிட்டு, "ஆரடா இந்தக் கிராக்கு?" என்று ஒரு கிழமையாகச் சிரித்தாள்.

முதல் நாள் அவர் ரோமுலசிலே தொடங்கவில்லை, இலங்கையிலே தொடங்கினார். கிளாடியசு சக்கரவர்த்தியின் காலத்திலே செங்கடல் வரி அறவிடும் குத்தகைகாரர் ஒருவரின் ஆள் காற்றிலே அள்ளுண்டு தப்ரபேன் என்ற நம் தீவிலே வந்து ஒதுங்கினானாம். அவனிடமிருந்த வெள்ளி நாணயங்களிலே வேறு வேறு சக்கரவர்த்திகளின் முகங்கள் இருந்தும் எல்லாம் ஒரே நிறையாயிருப்பதைக் கண்டு, இவர்கள் நேர்மையான மனிதர்கள் என்று அரசன் வியந்து, உரோமாபுரிக்கு நான்கு தூதுவரை அனுப்பினானாம். பிளினி எழுதியிருக்கிறார். கதை முழுவதும் அப்படியே நடந்ததோ என்னவோ, எங்கள் வகுப்பிலே பெரும் சிரிப்பு எழுந்தது. எங்கள் பக்கத்திலே நெல் வாங்குகிற மரைக்கால் ஒன்று, கொடுக்கிற மரைக்கால் இன்னொன்று என்பது பிள்ளைகளுக்குக் கூடத் தெரியும்.

முசிறிக்கு மிளகு வாங்க யவனர் கலங்கள் வந்ததை அகநானூற்றிலே படித்திருந்தோம். இத்தகைய சரக்குகளுக்காக ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்தர்கள் இந்தியாவுக்குப் போகிறதே என்று அதே பிளினி மனம் நொந்திருப்பதை இந்த வகுப்பிலே படித்தோம். ஒரு வியாபாரத்தின் இரண்டு கணக்குப் புத்தகங்களையும் அருகருகே வைத்துப் பார்த்ததுபோல் இருந்தது.

ஒரு சிறு சம்பவத்தை இவ்விடத்திலே சொல்லிவிடுகிறேன். அனிபால் யானைகளோடு அல்ப்ஸ் மலை கடந்த வழியை இத்தாலிப் படத்திலே அம்புக்குறிகள் இட்டு வரைந்துகொண்டு வீட்டுக்குப் போனேன். சோதனைச்சாவடியிலே அப்பியாசக் கொப்பியைப் புரட்டியவருக்கு அம்புக்குறிகள் பிடிக்கவில்லை. அது எந்தக் கரை, எந்தக் காடு என்று கேட்டார். இத்தாலி என்றேன். இரண்டு மணித்தியாலம் வெயிலிலே நின்ற பிறகு தாளைக் கிழித்து வைத்துக்கொண்டு என்னை விட்டார்கள். அடுத்த நாளிலிருந்து படங்கள் பாடசாலை அலுமாரியிலேயே தங்கின.

இனி, நான் பேச வந்த விடயம். கி.மு. 133இலே திபேரியசு கிராக்கசு கொண்டுவந்த காணிச் சட்டம்.

போருக்குப் போன குடியானவர்கள் திரும்பி வந்தபோது அவர்களுடைய நிலம் அவர்களிடம் இல்லை. அரசுக்குரிய பொதுக் காணியைப் பெரியவர்கள் பிடித்துக்கொண்டு அடிமைகளை வைத்து விளைவித்தார்கள். பொதுக் காணியிலே ஒருவர் 500 யூகரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, மிகுதி ஏழைகளுக்கு என்றார் திபேரியசு. ஆசிரியர் கரும்பலகையிலே பெருக்கிக் காட்டினார்: ஏறக்குறைய 310 ஏக்கர்.

என் பக்கத்திலே இருந்தவன் ஒரு போடியாரின் மகன். போடியார் என்றால் பெரிய வயற்காரர். என் தகப்பனார் அவர்களுடைய வயலிலே முல்லைக்காரராக இருந்தார்; விதைப்பு முதல் சூடடிப்பு வரை வேலையாட்களை நடத்துகிறவர், காணி இல்லாதவர். "முந்நூறு ஏக்கரா! அப்ப நாங்க ஏழைகள், சேர்" என்றான் அவன். வகுப்பு சிரித்தது. ஆசிரியர் சிரிக்காமல், 1972ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தச் சட்டத்திலே வயலுக்கு 25 ஏக்கர், மற்றக் காணி சேர்த்து 50 ஏக்கர் என்று எல்லை வைத்ததை அதன் கீழே எழுதினார். அதற்கும் கீழே லிசினியசு ஸ்தோலோவின் கதை. உரோமிலே 500 யூகர எல்லையை முதலிலே சட்டமாக்கியவர் என்று சொல்லப்படுகிற அதே மனிதர், மகனைத் தனிக்குடும்பமாகப் பிரித்துக் காட்டி ஆயிரம் யூகரம் வைத்திருந்ததற்காகத் தம் சட்டத்தின் கீழேயே தண்டம் கட்டினார். நண்பன் எழும்பி, "எங்கட அப்பப்பா சட்டம் வாறதுக்கு முதலே மாமிமாருக்குச் சீதனமா எழுதிப்போட்டாராம், சேர்" என்றான். மறுபடியும் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. அதை அவன் கண்டான் என்றே நினைக்கிறேன்.

அடுத்த நாள் ஆசிரியர் வகுப்பைச் செனற் சபையாக்கினார். நிலமற்றவர்களுக்காகப் பேசப் போடியார் மகனை நிறுத்தினார். நிலப்பிரபுக்களுக்காகப் பேச என்னை நிறுத்தினார். வேண்டுமென்று செய்தாரா, தற்செயலா என்று நான் பிற்காலத்திலே கேட்டதில்லை. பேச்சுக்கு வேண்டியதை அப்பியன் என்ற சரித்திராசிரியரின் நூலிலிருந்து தாளிலே தந்திருந்தார். அந்தக் காணியிலே எங்கள் மூதாதையரின் கல்லறைகள் இருக்கின்றன. மனைவியரின் சீதனப் பணத்தை அதிலேதான் போட்டிருக்கிறோம். பெண்மக்களுக்கு அதையே சீதனமாகக் கொடுத்திருக்கிறோம் என்று உரோமச் செல்வர்கள் புலம்பியதாக அப்பியன் எழுதுகிறார். சீதனம்! தாய்வழியிலே பெண்பிள்ளைக்குக் காணியும் வளவும் போகிற எங்கள் நாட்டிலே இந்தச் சொல்லைக் கையிலே கொடுத்தால் பேச்சு தானாக வரும். நான் பேசினேன். காடு வெட்டினவன் ஆர், குளம் கட்டினவன் ஆர் என்றெல்லாம், வயல் வாடியிலே போடியார் பேசக் கேட்டவற்றையும் சேர்த்துப் பேசினேன். நண்பனும் நன்றாகத்தான் பேசினான். ஆனால் வாக்கெடுப்பிலே வென்றது நான். கைதட்டினார்கள். வீட்டுக்குப் போய் அதை நான் சொல்லவில்லை.

உண்மையான உரோமிலே வாக்கெடுப்பு வேறாகவே முடிந்தது. சட்டம் நிறைவேறியது, அந்த ஆண்டே செனற்றர்களும் அவர்களுடைய ஆட்களும் உடைந்த பலகைகளாலும் தடிகளாலும் திபேரியசையும் அவரோடு நின்ற ஏறக்குறைய முந்நூறு பேரையும் அடித்துக் கொன்று தைபர் நதியிலே போட்டார்கள்.

இதற்குப் பின்வந்த ஒரு பாடத்தைச் சுருக்கமாகவே சொல்ல முடியும். கி.மு. 82இலே சல்லா பெயர்ப் பட்டியல் தொங்கவிட்டார். முதலில் எண்பது பெயர். ஒரு நாள் விட்டு இன்னும் இருநூற்றிருபது. பெயர் உள்ளவனைக் கொல்பவனுக்குப் பரிசு. குவிந்தசு ஒளரேலியசு என்று அரசியலோடு சம்பந்தமில்லாத ஒருவர் யார் யார் பெயர் இருக்கிறதென்று பார்க்கப் போய்த் தம்முடைய பெயரைக் கண்டார். அவருக்கு ஆல்பாவிலே ஒரு நல்ல தோட்டம் இருந்தது, அவ்வளவுதான். இதைச் சொல்லிவிட்டு ஆசிரியர் ஏழு பேரையும் ஒருமுறை பார்த்தார். 1991 யூன் 12இலே எங்கள் துறைக்கு அக்கரையில், மகிழடித்தீவிலும் முதலைக்குடாவிலும் நடந்தவற்றை நேயர்கள் அறிவீர்கள். வகுப்பிலே இருவர் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள். ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. மணி அடிக்கும்வரை வெளியே வாவியிலே ஒருவன் வலை வீசிக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சீசரின் கொலைக்கு வந்தபோது அவர் சுவாமி விபுலாநந்தரைக் கொண்டுவந்தார். காரைதீவிலே 1892இல் பிறந்து, மட்டக்களப்பிலே மெதடிஸ்த மத்திய கல்லூரியிலும் புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்த அடிகளார், 'மதங்க சூளாமணி' எழுதியவர், சேக்ஸ்பியருக்குச் 'செகசிற்பியார்' என்று பெயர் வைத்தவர். சபைக்குப் போகவேண்டாம் என்று மனைவி கல்பூர்ணியா தடுக்கும்போது, அஞ்சுகிறவன் பலமுறை சாகிறான் என்ற கருத்திலே சீசர் சொல்லும் மறுமொழியை அடிகளார் செய்யுளாகத் தமிழாக்கியிருக்கிறார். ஆசிரியர் அதை ராகத்தோடு சொன்னார். எங்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இரண்டு பேர் அதைக் கொப்பி மட்டையிலே எழுதிக்கொண்டார்கள்.

"நல்ல பாட்டு" என்றார் அவர். "ஆனால் அதைச் சொன்னவன் அன்று பகல் இருபத்து மூன்று குத்து வாங்கிச் செத்தான். கல்பூர்ணியா சொன்னதை ஆரும் மட்டையில எழுதிறதில்ல." அதற்கு மேலே ஒரு சொல்லும் இல்லை. எங்கள் வயதுப் பையன்கள் ஒவ்வொருவராகக் காணாமற்போய், காட்டிலே இருக்கிறார்கள் என்று பிறகு கேள்விப்பட்ட காலம் அது. அந்தக் கிழமை என் அம்மா, "துறையடிக்குத் தனியப் போகாத மனே" என்று சொன்னபோது நான் முகம் சுழிக்கவில்லை. மட்டையிலே எழுதிய இருவரில் ஒருவன் பரீட்சைக்கு வரவில்லை.

அந்த மாரிப்போக அறுவடைக் காலத்திலே ஒரு சனிக்கிழமை இரவு, களவெட்டியிலே அப்பாவுடன் காவலுக்குப் படுத்திருந்தேன். என்ன படிக்கிறாய் என்று கேட்டார். கிராக்கசின் கதையைச் சொன்னேன். தம்பி காயசும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்குப் பிறகு அதே வழியிலே போய்ச் செத்ததையும் சொன்னேன். அப்பா எழும்பி இருந்து கேட்டார். கொலைகளைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"மறுகா, அந்தக் காணி ஆருக்குக் கிடைச்சிது?"

கொஞ்சப் பேருக்குக் கொடுத்தார்கள், பிறகு அதை விற்கலாம் என்று சட்டம் வந்தது, பெரியவர்களே திரும்பவும் வாங்கிக்கொண்டார்கள் என்றேன்.

"ம்" என்றார். சுருட்டைப் பற்றவைத்தார். சற்றுப் பொறுத்து, "போடியார்ர மகனும் இதத்தானே படிக்கான்? அவன் என்ன சொல்றான்?" என்றார்.

வகுப்பிலே ஏழைகளுக்காகப் பேசினான், நல்லாப் பேசினான் என்றேன். அப்பாவுக்கு அது பிடித்திருந்தது. சுருட்டு வெளிச்சத்திலே அவர் சிரிப்பது தெரிந்தது.

"நீ?"

நான் வைக்கோலைத் தலைக்குச் சரிசெய்துகொண்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தேன்.