திருப்பி வைத்தாலும் சதுரம் சதுரமே
(ஆரம்பப் பிரிவுப் பெற்றோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நூறாண்டு காணும் எமது கல்லூரியின் சின்னஞ்சிறு பிள்ளைகளைப் பற்றிப் பேசக் கிடைத்தது என் பேறு. நான் கணித ஆசிரியை அல்ல. பிள்ளைகளைப் பார்க்கும் வைத்தியர்.

"டொக்டர், பிள்ளை எழுத்தைத் திருப்பித் திருப்பி எழுதுது" என்று தாய்மார் கவலைப்படுவார்கள். 'ட'னாவை மறுபக்கம் பார்க்க எழுதுவதும், 6ஐயும் 9ஐயும் மாற்றுவதும் எழுதத் தொடங்கும் வயதில் சாதாரணம். ஒரு கோப்பையை எப்படித் திருப்பி வைத்தாலும் அது கோப்பைதான். பிறந்ததிலிருந்து பிள்ளை கற்றது அதைத்தான். எழுத்துக்கு வந்ததும், திசை மாறினால் பொருளே மாறும் என்கிறோம். இந்தப் புதிய விதி அடியால் வராது, கைப்பழக்கத்தால் வரும்.

அதற்குத் தளவுருக்கள் உதவும். பால்மாப் பெட்டி அட்டையில், மூன்று பக்கமும் வேறு வேறு நீளமான ஒரு முக்கோணியை வெட்டிக் கொடுங்கள். மேசையில் தள்ளட்டும்: இடம் மட்டும் மாறும். சுழற்றட்டும்: பார்க்கும் திசை மாறும். இரண்டிலும் படம் அச்சிட்ட பக்கமே மேலே இருக்கும். புரட்டினால்தான் மறுபக்கம் தெரியும். நகர்த்தல், சுழற்றல், புரட்டல் என்ற மூன்று அசைவுகளும் இவ்வளவுதான். மூன்றிலும் பக்கங்களின் நீளமோ கோணங்களோ மாறுவதில்லை.

பின்னர் ஒரு சதுரத்தை மூலையில் நிற்கும்படி வையுங்கள். "இது டயமன்ட்" என்று பிள்ளை சொல்லும். பிழை என்று சொல்லாதீர்கள். "பக்கங்களை அளந்து பார், மூலைகளைப் பார்" என்று கேளுங்கள். தோற்றத்தை விட்டுப் பண்பைப் பார்க்கும் முதற்படி அது. ஒல்லாந்து நாட்டு ஆசிரியத் தம்பதியரான வான் ஹீலே இருவரும் 1957இல் தமது ஆய்வுகளில் விளக்கியதும் இந்தப் படிகளைத்தான்.

அவசரப்படவும் வேண்டாம். பார்த்து வரையும் திறன் சராசரியாக வட்டத்துக்கு 3 வயதிலும், சதுரத்துக்கு நாலரை அளவிலும், முக்கோணிக்கு 5 அளவிலும் வருகிறது. மூன்று வயதுப் பிள்ளையின் கையைப் பிடித்து முக்கோணி கீறுவிப்பதால் பயன் இல்லை. அட்டைத் துண்டுகளைப் பொருத்தி விளையாட விடுங்கள். ஏழு, எட்டு வயதுக்குப் பின்னும் எழுத்துகள் மாறி, வாசிப்பும் சிரமமாக இருந்தால் வைத்திய ஆலோசனை பெறுங்கள்.

இந்த அறிவு எமது தொழிலிலும் வேண்டும். நெஞ்சு எக்ஸ்ரே படத்தைப் புரட்டிப் பார்த்தால் இதயம் வலப்பக்கம் இருப்பதுபோல் தோன்றும். அதனால்தான் படத்தில் வலம், இடம் என்று அடையாளம் இடுகிறார்கள்.

பழைய மாணவிகளிடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாக ஆரம்பப் பிரிவுக்கு எதைக் கொடுத்தாலும், பிள்ளைகள் நிலத்தில் இருந்து இத்தகைய துண்டுகளை அடுக்க ஒரு பாயும் ஒரு பெட்டியும் அதில் இருக்கட்டும். ஆசிரியர்களே, பயிற்சித்தாளை நிரப்பும் நேரத்தில் அரை மணித்தியாலத்தை அந்தப் பாய்க்கு ஒதுக்குங்கள். தரம் 5 பரீட்சைக்கு இன்னும் காலம் உண்டு. கை பழகும் காலம் இதுதான்.