விலையும் நிறையும்

மட்டக்களப்பு வாவிக் கரையில் இறால் வாங்குவோர் தராசு முள்ளையே நோக்குவர். தலையையும் கோதையும் நினைப்போர் சிலரே. முழு இறால் கிலோ 1,200 ரூபா, உரித்தது 2,000 ரூபா எனக் கொள்க. முன்னதே மலிவெனத் தோன்றும். உரித்தபின் பாதியே எஞ்சுமாயின், சதை கிலோ 2,400 ரூபாவாகிவிடுகிறது! அன்றாடக் கூலியில் அடுப்பெரிக்கும் குடும்பத்துக்கு அந்த 400 ரூபா சிறிதன்று. தலையைச் சொதிக்கு இடும் வீட்டில் இக்கணக்குச் சற்றே மாறும்.

பால்மாவில் கழிவில்லை: 400 கிராம் பொதியின் விலையை இரண்டரையால் பெருக்கி, ஒரு கிலோப் பொதியின் விலையோடு ஒப்பிட்டால் போதும்.

தயிர்ச் சட்டியிலேதான் சிக்கல். வெளிப் பருமன் கண்ணை மயக்கும். மண்ணின் தடிப்போ தயிருக்குள் மறைந்திருக்கும். வெறுஞ் சட்டியில் ஒருமுறை நீரை அளந்து ஊற்றிப் பார்த்த இல்லத்தரசி, அடுத்த சந்தையில் அது கொள்ளும் அளவை அறிந்தே விலை பேசுவார்.