நாகஹாமா: ஒரு பழைய கடைத்தெரு மீண்ட கதை

ஜப்பானின் மிகப் பெரிய ஏரி பிவா. அதன் வடகிழக்குக் கரையில், ஷிகா மாகாணத்தில் இருக்கிறது நாகஹாமா என்ற சிறுநகரம். 1980களின் கடைசியில் அங்கே வசித்தவர்கள் சுமார் 55,000 பேர். அந்நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊரின் நடுவே உள்ள பழைய கடைத்தெருவில் ஒரு மணி நேரம் நின்று எண்ணிப் பார்த்தார்களாம். கடந்து போனவை நான்கு மனிதர்களும் ஒரு நாயும்தான் என்பது ஊரில் இன்றும் சொல்லப்படும் கதை. கணக்கு எவ்வளவு கறாரானதோ, தெருவின் நிலைமை ஏறத்தாழ அதுதான். ஆனால் 2000ஆம் ஆண்டு வாக்கில் அதே தெருவுக்கு ஆண்டுக்குச் சுமார் இருபது லட்சம் பேர் வந்துகொண்டிருந்தார்கள்.

நாகஹாமா பிறக்கும்போதே வணிக ஊராகப் பிறந்தது. பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பின்னாளில் ஜப்பான் முழுவதையும் தன் ஆட்சிக்குக் கீழ் கொண்டுவந்த டொயொடோமி ஹிதேயோஷி, முதன்முதலாகக் கோட்டை கட்டிக் குடியேறிய ஊர் இது. வணிகர்களைக் கொண்டுவந்து குடியமர்த்தி, மனைவரியிலிருந்து விலக்கும் அளித்தார் அவர். கோட்டை 1615இல் கைவிடப்பட்டது, ஊர் கைவிடப்படவில்லை. வடக்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையும் ஏரித் துறைமுகமும் பட்டு நெசவும் அதைத் தாங்கி நின்றன. 1882இல் ரயிலும் வந்தது. அப்போது கட்டிய நிலையக் கட்டடம் இப்போதும் நிற்கிறது. ஜப்பானில் எஞ்சியிருக்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் மிகப் பழையது அதுவே.

சரிவுக்குக் காரணம் கார். வீட்டுக்கு வீடு கார் வந்த பிறகு, வண்டி நிறுத்த இடமில்லாத குறுகிய தெருவுக்கு வர யாருக்கும் மனமில்லை. புறவழிச்சாலையோரம் பெரிய கடைகள் முளைத்தன. 1988இல் ராக்குயிச்சி என்ற பெரிய வணிக வளாகமும் ஊருக்கு வெளியே திறந்தது. நடுத்தெருவில் கதவடைத்த கடைகள் பெருகின. அவற்றை வாடகைக்கு விடுவதற்கும் பல உரிமையாளர்கள் முன்வரவில்லை. கடைக்குப் பின்கட்டிலேயோ மாடியிலேயோ குடியிருந்தவர்கள் அவர்கள். கடனும் கிடையாது, வாடகைப் பணத்துக்கு அவசரமும் கிடையாது. கடைத்தெரு மீட்பு பற்றிய பேச்சுகளில் இந்த மனநிலைக்குப் பொதுவாக உரிய இடம் கிடைப்பதில்லை. ஜப்பானியச் சிறுநகரங்கள் பலவற்றில் புனரமைப்பு முடங்கியது பணமில்லாததால் மட்டுமல்ல, பூட்டிய கதவைத் திறக்க உரிமையாளருக்கு ஒரு காரணமும் இல்லாததாலும்தான்.

ஊரைப் பற்றிய அக்கறைக்கு மட்டும் நாகஹாமாவில் குறைவில்லை. ஏப்ரல் மாதத்தில் நடக்கும் ஹிகியாமா தேர்த்திருவிழா அதற்குச் சாட்சி. சிறு மேடையோடு கூடிய அலங்காரத் தேர்களில் சிறுவர்கள் கபுகி நாடகம் நடிப்பார்கள். ஒவ்வொரு தேரும் ஒரு பேட்டைக்குச் சொந்தம். தேரைப் பேணுவதும் பிள்ளைகளைப் பயிற்றுவதும் அந்தந்தப் பேட்டையின் பொறுப்பு. 2016இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில், ஜப்பானின் பிற தேர்த்திருவிழாக்களோடு இதுவும் சேர்ந்தது. கூடிச் செலவு செய்யவும் கூடி முடிவெடுக்கவும் ஊராருக்குப் பழக்கம் இருந்தது. பழைய கோட்டையின் சாயலில் 1983இல் ஓர் அருங்காட்சியகம் எழுந்தபோது, அதன் செலவில் பெரும் பங்கு குடிமக்களின் நன்கொடையாக வந்தது. மறு ஆண்டே, ஊர் முழுவதையும் ஓர் அருங்காட்சியகமாகக் கருதிப் பேணும் திட்டத்தை நகராட்சி வகுத்தது.

திட்டம் காகிதத்திலிருந்து தெருவுக்கு இறங்கியது ஒரு கட்டடத்தால். நெடுஞ்சாலைச் சந்திப்பில் 1900ஆம் ஆண்டு கட்டிய வங்கிக் கிளை அது. கருப்புச் சாந்து பூசிய சுவர்களால் ஊரார் அதைக் குரோகாபே, அதாவது கருஞ்சுவர், என்றே அழைத்தார்கள். வங்கி போன பிறகு பல கைகள் மாறி, கடைசியில் கத்தோலிக்கத் தேவாலயமாக இருந்தது. 1987இல் தேவாலயம் வேறிடம் போக, கட்டடம் விற்பனைக்கு வந்தது. இடிபடும் என்ற நிலையும் வந்தது.

அதைக் காப்பாற்ற 1988இல் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. முதலீடு 13 கோடி யென். அதில் உள்ளூர்த் தனியார் நிறுவனங்கள் எட்டு சேர்ந்து போட்டது 9 கோடி, நகராட்சி போட்டது 4 கோடி. அரசும் தனியாரும் கூட்டாக நடத்தும் நிறுவனங்கள் ஜப்பானில் ஏராளம். பெரும்பாலும் அவற்றில் அரசின் கை ஓங்கியிருக்கும், நட்டமும் அரசின் தலையில் விழும். இங்கே கடிவாளம் தனியார் கையில் இருந்தது. பணம் போட்டவர்களில் பெரும்பாலோர் அந்தத் தெருவின் கடைக்காரர்களும் அல்லர். வெளியே வேறு தொழில்களில் காலூன்றிய ஊர்க்காரர்கள். தெருவின் பழைய கணக்கு வழக்குகளும் மனத்தாங்கல்களும் அவர்களைக் கட்டிப்போடவில்லை என்பது, இந்த முயற்சிக்குக் கிடைத்த பெரிய வசதி.

கட்டடம் கிடைத்தாயிற்று, அதில் என்ன விற்பது? கண்ணாடிக் கலைப்பொருள் என்று முடிவானது. நாகஹாமாவுக்கும் கண்ணாடிக்கும் எந்தப் பாரம்பரியத் தொடர்பும் கிடையாது. பட்டு நெய்த ஊரில் கண்ணாடியா என்று கேட்டவர்கள் இருந்திருந்தால் அதில் தவறில்லை. ஆனால் முடிவுக்குப் பின்னால் தெளிவான கணக்கு இருந்தது. உள்ளூரில் யாரும் விற்காத பொருள் என்பதால், இருக்கிற கடைக்காரரின் பிழைப்பில் கைவைக்க வேண்டியதில்லை. பெரிய அங்காடிகள் எளிதில் நுழைய முடியாத துறை. உருகிய கண்ணாடியை ஊதி உருவாக்குவதை வாடிக்கையாளர் நேரில் நின்று பார்க்கலாம். விரும்பினால் தானும் செய்து பார்க்கலாம். 1989 ஜூலையில் கண்ணாடி விற்பனைக் கூடமும் பட்டறையும் உணவகமும் திறந்தன. முதல் ஆண்டில் வந்தவர்கள் ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு.

பிறகு நிறுவனம் ஒரே பெரிய கட்டடமாக வளரவில்லை. பூட்டிக்கிடந்த பழைய வீடுகளையும் கடைகளையும் ஒவ்வொன்றாக வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ, மரச்சட்டமும் ஓட்டுக்கூரையும் கெடாமல் புதுப்பித்தது. சிலவற்றைத் தானே நடத்தியது, சிலவற்றில் பிறரை அமர்த்தியது. இப்படிச் சுமார் முப்பது கடைகள் ஒரே பெயரின் கீழ் எண்ணிட்டுச் சேர்ந்தன. கூட்டத்தைக் கண்ட பிறகு, நிறுவனத்தோடு தொடர்பில்லாத கடைக்காரர்களும் தங்கள் முகப்புகளைத் திருத்தினார்கள். கதவைத் திறக்க இப்போது காரணம் கிடைத்துவிட்டதல்லவா!

வெளிக் காரணங்களும் உதவின. நாகஹாமா வரையிலான ரயில் தடத்தின் மின்னமைப்பு 1991இல் மாற்றப்பட்டதால், கியோட்டோ, ஒசாகா பக்கத்து விரைவு ரயில்கள் நேராக இங்கே வரத் தொடங்கின. 1996இல் ஹிதேயோஷியைப் பற்றிய நெடுந்தொடர் தேசியத் தொலைக்காட்சியில் ஓடியது. அதையொட்டி ஊரில் பெரிய கண்காட்சி நடந்தது. அதில் தொண்டு செய்த முதியவர்களுக்கு, விழா முடிந்த பிறகு சும்மா இருக்க மனமில்லை. ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, காலியாக இருந்த இடங்களில் காய்கறிக் கடை, சமைத்த பதார்த்தக் கடை, பழைய பொருள் கடை, காபிக்கடை என்று நான்கு கடைகளை அவர்களே நடத்தினார்கள். கண்ணாடிக் கூடத்தின் பளபளப்பு இவற்றில் இல்லை. ஆனால் தெருவாசிகளுக்குத் தினமும் பயன்பட்டவை இவைதாம். நாகஹாமா பற்றிய புகழுரைகள் பலவும் இதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவது சரியல்ல. பிற ஊர்களிலிருந்து பார்வையிட வரும் குழுக்களைக் கவனிக்க 1998இல் தனியாக ஒரு சிற்றலுவலகமும் ஏற்பட்டது.

தேசிய அரசு இந்தச் சிக்கலைச் சட்டமாகக் கையாண்டதும் அதே ஆண்டில்தான். நகர மையங்களைப் புத்துயிர்ப்பிக்கும் சட்டம் 1998இல் வந்தது. 2006இல் திருத்தப்பட்டு, நகரங்கள் தீட்டும் திட்டங்களுக்குத் தேசிய அரசே ஒப்புதல் அளிக்கும் முறை ஏற்பட்டது. சட்டம் வருவதற்குப் பத்தாண்டுகள் முன்பே நாகஹாமா தன் வேலையைத் தொடங்கிவிட்டது.

இந்த வெற்றிக்கு ஒரு விலையும் உண்டு. வருகிறவர்களில் பெரும்பாலோர் காலையில் வந்து மாலையில் திரும்பும் சுற்றுலாப் பயணிகள். மாலையானதும் தெரு அடங்கிவிடும். நினைவுப்பொருள் கடைகளும் உணவகங்களும் பெருகிய தெருவில், மளிகையும் மருந்தும் வாங்கப் பழைய குடியிருப்பாளர் புறவழிச்சாலைக்கே போக வேண்டியிருக்கிறது. கூட்டமும் என்றும் ஒரே அளவில் இருப்பதில்லை. தொலைக்காட்சித் தொடர் ஓடும் ஆண்டில் ஏறும், பிறகு இறங்கும்.

ஆக, கட்டடங்களையும் தெருவின் அழகையும் மீட்டதில் நாகஹாமா முழு வெற்றி பெற்றது; குடியிருப்போரின் அன்றாடக் கடைத்தெருவை மீட்டதில் அந்த அளவுக்கு இல்லை. இதை ஊராரும் உணர்ந்தார்கள். நகர மையத்துக்கான புதிய திட்டத்துக்கு 2009இல் தேசிய அரசின் ஒப்புதல் கிடைத்த அதே ஆண்டில், அதை நடத்துவதற்கென்று இன்னொரு நிறுவனத்தையும் ஊர் தொடங்கியது. மீண்டும் ஆள் குடியேறும் இடமாக நகர மையத்தை ஆக்குவதும் அந்த இரண்டாம் கட்டப் பணியில் சேர்ந்தது.