கூரைக்கும் சுவருக்கும் நடுவுல

இன்னைக்கு கோடிங் இல்ல, கூரை.

திருக்கழுக்குன்றம் பக்கம் எங்க மாமா தோட்டத்துல மோட்டார் ஷெட் ஒண்ணு இருக்கு. செங்கல் சுவர், மேல தகர ஷீட். 2022 டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கத்துல கரையைக் கடந்துச்சே, அன்னைக்கு ரெண்டு ஷீட் பறந்து போய் மாட்டுக் கொட்டகை வாசல்ல விழுந்துச்சு. பத்து நிமிஷம் முன்னாடிதான் மாமா அங்க நின்னு மாட்டை அவுத்துட்டு இருந்தார்.

காத்து மேல இருந்து பிடுங்கிடுச்சுன்னு நினைச்சேன். அது பாதிதான். ஷீட்டோட அலை வளைவுக்கும் சுவருக்கும் நடுவுல சந்து இருக்கும்ல, அது வழியா புகுந்த காத்து கீழ இருந்து தள்ளும், மேல போற காத்து இழுக்கும். துருப்பிடிச்ச ஜே போல்ட் தாங்குமா? சாதாரண நாள்ல அதே சந்துலதான் குளவி கூடு கட்டும்.

மாமா சிமென்ட் கலவை வெச்சு அடைச்சார். வெயில்ல தகரம் விரிஞ்சு சுருங்க, கலவை விரிசல் விட்டுருச்சு. நான் ஸ்ப்ரே ஃபோம் அடிச்சேன் (ஹாட்ஃபிக்ஸ்னு பெருமை வேற!). எறும்பு குடைஞ்சு குடித்தனமே பண்ணிடுச்சு.

இப்போ கடல் பார்த்த பக்கம், ஷீட் வளைவுக்குன்னே விக்கிற ஃபோம் பட்டை. எறும்பு வந்தா உருவி மாத்திக்கலாம். மத்த பக்கம் ஃபைபர் கொசுவலை. இரும்பு வலையை உப்புக் காத்து தின்னுடும். முழுசா அடைச்சா மோட்டார் சூட்டுல வெந்துடும். புயல் கடக்கும்போது காத்து திசை மாறும், அதனால ஓரத்துல போல்ட்டை நெருக்கமா போட்டோம்.

ஏணியில நான். மாமா கீழ பிடிச்சுக்கிட்டார். "மாப்ள, மேட்டுல போடு, பள்ளத்துல போட்டா ஒழுகும்"னார். நான் ஏற்கெனவே ரெண்டு ஓட்டை பள்ளத்துல போட்டிருந்தேன்.