பின்னச்சின் மூடி

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இம்மேடையில் இலக்கியமும் இசையும் சமயமும் பேச வல்லார் பலர் உளர். நமக்கு இடப்பட்ட பணி வேறு. இளைஞர்கள் பாதியில் எழுந்து செல்லாதபடி ஏதேனும் ஓர் இயந்திரத்தைப் பற்றிக் கால் மணி நேரம் பேசுதல் வேண்டும் என்பது செயலாளர் அவர்களின் கட்டளை. நாம் பொறியியல் கற்றவர் அல்லோம். மெட்ரிக்குலேஷன் தேறி ரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதுகிறோம். ஆயினும் மோட்டார் வண்டியின் பின்னச்சில் உள்ள மூடி ஒன்றைப் பற்றிச் சென்ற ஆண்டு சிறிது கற்க நேர்ந்தது. நேர்ந்த காரணத்தைப் பின்னர்ச் சொல்வோம். அம்மூடி எதனை மூடுகின்றது என்பதை முதலில் பார்ப்போம்.

நம் காலனிக் குழந்தைகள் ரயில் சக்கரத்தைப் பார்த்தே வளர்ந்தவர்கள். ரயில் வண்டியில் இரு சக்கரங்களும் ஓர் அச்சில் அசையாதபடி இறுக்கப்பட்டிருக்கும். ஒன்று ஒரு சுற்றுச் சுற்றினால் மற்றதும் ஒரு சுற்றே சுற்றியாக வேண்டும். வளைவிலோ வெளித் தண்டவாளம் நீளத்தில் மிகுதி, உட்புறத் தண்டவாளம் குறைவு. அப்படியாயின் வண்டி எங்ஙனம் திரும்புகின்றது? சக்கரத்தின் மேற்பரப்பு மட்டமாக இல்லை. 20-க்கு 1 என்னும் அளவில் சரிந்திருக்கும். வளைவில் அச்சு சற்றே வெளிப்புறம் ஒதுங்கும்போது வெளிச் சக்கரம் தன் பருத்த பகுதியிலும் உட்சக்கரம் தன் சிறுத்த பகுதியிலும் உருளுகின்றன. கணக்கு நேராகிவிடுகின்றது. வளைவு மிகக் கடுமையானால் இச்சரிவு போதாது. நள்ளிரவில் யார்டிலிருந்து எழுந்து நம் குழந்தைகளின் தூக்கத்தைக் கெடுக்கும் கிரீச்சொலி அதன் விளைவே.

மோட்டார் வண்டிக்கு இவ்வசதி இல்லை. இரு சக்கரங்களுக்கும் இடைவெளி 1.6 மீட்டர் என்று கொள்வோம். அவ்வண்டி ஒரு முழு வட்டம் அடித்தால் வெளிச் சக்கரம் உட்சக்கரத்தைவிட ஏறத்தாழ 10 மீட்டர் மிகுதியாக ஓடும். வட்டம் பெரிதாயினும் சிறிதாயினும் இவ்வேறுபாடு மாறாது. பள்ளி மாணவர்கள் வீட்டிற்குச் சென்று கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆதலின் எஞ்சினின் வலு இரு சக்கரங்களுக்கும் செல்லுதல் வேண்டும். அதே சமயம் அவை வெவ்வேறு வேகத்தில் சுழலவும் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே செய்யும் பல்சக்கரத் தொகுதிக்கே டிஃபரன்ஷியல் என்று பெயர். ஒனேசிஃபோர் பெக்கேர் என்னும் பிரெஞ்சுக்காரர் 1820-களின் பிற்பகுதியில் இதனை நீராவி வண்டிக்கென வகுத்தார். பெட்ரோல் கார் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முற்பட்ட செய்தி இது!

லாரியின் பின்னால் செல்லும்போது குனிந்து பார்த்தால் பின்சக்கரங்களின் நடுவே பானை போலப் புடைத்த ஒன்று தெரியும். அதனுள்ளேதான் இத்தொகுதி இருக்கின்றது. 2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடரிலும் இதனைக் கண்டிருப்பீர்கள். 1983-இல் மாருதி 800 வந்த பின் நம் நாட்டுச் சிறு கார்களில் முன்சக்கரங்களே வண்டியை இழுக்கலாயின. டிஃபரன்ஷியலும் கியர் பெட்டிக்குள்ளே போய் ஒடுங்கிவிட்டது. ஆகவே இம்மூடியைக் கழற்றி மாட்டும் வேலையை நம் ஊர்த் தெருக்களில் காண்பது அரிது. அமெரிக்காவில் அது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு.

இனிக் காரணத்திற்கு வருவோம். நம் தமக்கையாரின் மகன் மிச்சிகன் மாநிலத்தில் பணிபுரிகின்றான். சென்ற ஆண்டு 2007-இல் செய்த ஃபோர்டு மஸ்டாங் ஒன்றை வாங்கினான். எட்டு சிலிண்டர், பந்தயக் குதிரை போன்ற வண்டி. வாங்கிய கையோடு அதன் பின்னச்சு மூடியை எடுத்துவிட்டு, வேறொரு கம்பெனி செய்த கனத்த அலுமினிய மூடியைத் தன் வீட்டுக் கொட்டகையிலேயே பொருத்தப் போவதாகத் தெரிவித்தான். தமக்கையார் நம் குவார்ட்டர்ஸுக்கு ஓடி வந்து, "தம்பி, அந்த வண்டிக்கு அடியில் போய்ப் படுக்கப் போகிறானாம். நீ ரயில்வேயில் இருக்கிறாய், எடுத்துச் சொல்லித் தடுத்துவிடு" என்றார். பேரேடு எழுதுகிறவருக்குப் பின்னச்சு பற்றி என்ன தெரியும் என்று அவர் நினைக்கவில்லை, நாமும் நினைவூட்டவில்லை. மருமானிடம் வண்டியின் பழுதுபார்க்கும் கையேட்டைக் கேட்டு வாங்கிப் படித்தோம். பட்டறையில் முப்பதாண்டு கைதேர்ந்த ஃபிட்டர் ஒருவரையும் அருகில் இருத்திக்கொண்டோம். தடுப்பதைவிடத் தெரிந்து செய்யச் சொல்வதே தக்கது என்று இருவரும் முடிவு செய்தோம்.

மஸ்டாங் வண்டிகளுள் பெரும்பாலானவற்றில் 2014 மாதிரி வரை பின்னச்சு ஒரே கட்டையானது. எட்டு சிலிண்டர் வண்டியில் உள்ள கிரௌன் சக்கரத்தின் விட்டம் 8.8 அங்குலம். எஞ்சினிலிருந்து வரும் சுழல்தண்டின் முனையில் பினியன் என்னும் சிறு பல்சக்கரம் இருக்கும். அது கிரௌனைச் சுழற்றும். மருமானின் வண்டியில் தண்டு ஏறக்குறைய மூன்றரைச் சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். இவை அனைத்தும் கெட்டியான எண்ணெயில் மூழ்கிச் சுழலுகின்றன. எண்ணெயை மேலே இறைத்துப் பேரிங்குகளுக்கு ஊட்டும் பம்பு ஏதும் உள்ளே இல்லை. கிரௌன் சக்கரமே ஏற்றம் போல எண்ணெயை வாரி இறைக்கின்றது. பின்புறத்தை அடைத்திருப்பது 10 போல்ட்டுகளால் இறுக்கிய தகட்டு மூடி.

கம்பெனி பொருத்தி அனுப்பிய மூடி இருக்க, வேறு எதற்கு? விற்போர் கூறும் பெருமைகள் பல. வார்ப்பு மூடி கனமானது, வளையாது, எண்ணெய் சற்றுக் கூடுதலாகக் கொள்ளும், எண்ணெயை வடிக்கக் கீழே திருகாணி உண்டு, பார்வைக்கும் அழகு. கடைசிப் பெருமையை நாம் விட்டுவிடலாம். வண்டிக்கு அடியில் தவழ்ந்து சென்று அழகு பார்ப்பவர் யார்? வடிகாணி மெய்யான வசதி. பழைய தகட்டு மூடியில் அது கிடையாது. சில மூடிகளில் உட்புறமாக இரு தாங்கு திருகுகள் இருக்கும். எஞ்சின் வலு முழுவதும் ஒருசேர வந்து தாக்கும்போது பினியன் கிரௌனைப் பின்னுக்குத் தள்ளும். அதனைப் பிடித்திருக்கும் பேரிங் கவ்விகள் நெளியப் பார்க்கும். தாங்கு திருகுகள் அக்கவ்விகளைப் பின்னிருந்து முட்டுக்கொடுத்து நிறுத்துகின்றன. பந்தயப் பாதையில் நின்ற நிலையிலிருந்து சீறிக் கிளம்பும் வண்டிக்கு இது பயன்படும். அலுவலகத்திற்குப் போய் வரும் வண்டிக்குப் பழைய மூடியே போதும் என்பது நம் துணிபு.

இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவில் மோட்டார் வலுவேற்றும் கலையில் பெயர்பெற்ற கேல் பேங்க்ஸ் என்பவர் பல மூடிகளைக் கண்ணாடிபோல் தெரியும்படி அமைத்துச் சோதித்துக் காட்டினார். பின்புறம் தட்டையான மூடிகளில் எண்ணெய் சுவரில் மோதிச் சிதறி நுரைக்கின்றது. வளைந்த மூடிகளில் வழுக்கிக்கொண்டு சுற்றி வருகின்றது என்பது அவர் கண்டது. அவரும் மூடி விற்பவரே என்பதை மறவாமல் இதனைக் கேட்க வேண்டும். ஆனாலும் நுரைத்த எண்ணெய் பல்சக்கரத்தைக் காக்காது என்பதில் ஐயமில்லை. ஆகவே பெரிய மூடி நல்ல மூடி என்று கொள்ளாமல், உட்புற வளைவைப் பார்த்து வாங்குமாறு மருமானுக்கு எழுதினோம்.

வேலையில் முதல் கவலை உயிர்க்கவலை. வண்டியை ஜாக்கியால் தூக்கிய நிலையில் எவரும் அடியில் நுழையலாகாது. ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு அன்று. தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்டுகள் வேண்டும், அவற்றின் கீழே காங்கிரீட் தரை வேண்டும். "கைப்பிரேக்கைப் போட்டுவிடுவேன் மாமா" என்று மருமான் சொன்னான். அவ்வண்டியில் கைப்பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பின்சக்கரங்களே அந்தரத்தில் நிற்கும்போது அது எதனைப் பிடிக்கும்? யார்டில் நிறுத்திய பெட்டிக்குப் பிரேக் மட்டும் போதாதென்று சக்கரத்தடியில் மரக்கட்டை வைப்பதை நாம் நாள்தோறும் பார்க்கின்றோம். முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்த பின்னரே ஜாக்கியைத் தொடுமாறு சொன்னோம். கடைசியில் எண்ணெய் அளவு பொய்க்காதிருக்க வண்டி முன்னும் பின்னும் மட்டமாக நிற்றலும் வேண்டும்.

இரண்டாவது, நம் ஃபிட்டர் கண்ணை மூடிக்கொண்டு சொன்ன விதி. எண்ணெயை வடிப்பதற்கு முன்பே, எண்ணெய் ஊற்றும் துளையின் திருகாணியைக் கழற்றிப் பார்த்துவிட வேண்டும். ஆண்டுக்கணக்கில் துருவேறிய அத்திருகாணி சில வேளை அசையாது. எண்ணெயை முழுதும் வடித்தபின் அது திறக்க மறுத்தால், வண்டி எண்ணெயின்றி நிற்கும். பட்டறைக்கு ஓட்டிச் செல்லவும் முடியாது. புத்தகத்தில் இருபது பக்கம் படித்ததைவிட இவ்வொரு சொல் நமக்குப் பெரிதாகப் பட்டது.

வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி எண்ணெய் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடிப்பது எளிது. மஸ்டாங்கில் பின்னச்சைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பானார்ட் தண்டு ஒன்று மூடிக்குப் பின்னே குறுக்கே செல்லும். கை நுழைய இடம் போதாவிடில் அதனை ஒரு முனையில் கழற்ற வேண்டும். அவ்வாறாயின் ஸ்டாண்டுகள் அச்சுக்குழலின் கீழ் இருத்தல் நலம், அச்சு விலகாது. போல்ட்டுகளைக் கழற்றும்போது மேல் போல்ட்டு ஒன்றை மட்டும் நாலு மரை அளவில் விட்டுவைத்துக் கீழ்விளிம்பை மெல்ல நெம்ப வேண்டும். அப்போது எண்ணெய் கீழே வழியும். மூடி முகத்தில் விழாது. அந்த எண்ணெயில் கந்தகம் சேர்ந்த மருந்துகள் உண்டு. நாற்றம் இரண்டு நாள் சட்டையை விட்டுப் போகாதென்று மருமான் எழுதினான்.

உள்ளே ஒரு காந்தத் துண்டு இருக்கும். அதில் மையைப் போல நுண்ணிய சாம்பல் நிறப் பசை படிந்திருத்தல் இயல்பு; பல்சக்கரம் தேய்ந்த பொடி அது. கையில் நெருடும் சில்லுகளோ பல்லின் துண்டோ கிடைத்தால் வேலையை அங்கேயே நிறுத்தி, தேர்ந்தவரை அழைக்க வேண்டும். புது மூடியால் அந்நோய் தீராது. மருமானின் வண்டியில் பசை மட்டுமே இருந்தது. எண்ணெயோ தார் போலக் கறுத்துத் தண்ணீராய்ப் போயிருந்தது. எத்தனை ஆண்டாக மாற்றாமல் விட்டிருந்தார்களோ! மூடியைத் திறந்ததன் பெரும்பயன் இதுவே என்று நாம் எண்ணுகிறோம். மூடி மாற்றும் ஆசை இல்லாவிடின் அந்த எண்ணெயை அவன் பார்த்திருக்கவே மாட்டான்.

ஒட்டும் முகத்தில் பழைய சிலிக்கோன் பசை துளியும் இருத்தலாகாது. சுரண்டும் துகள் உள்ளே விழாதபடி பல்சக்கரங்களின் மேல் சுத்தமான துணியைப் போர்த்திக்கொள்ள வேண்டும். பின் எண்ணெய்ப் பசையின்றித் துடைத்து, புதுப் பசையை அறுபடாத ஒரே கோடாக, போல்ட்டுத் துளைகளின் உட்புறமாகச் சுற்றி இட்டு, அது உலர்வதற்குள் மூடியைச் சேர்க்க வேண்டும். போல்ட்டுகளை ஒரு பக்கமாக இறுக்கிக்கொண்டே போகாமல் எதிரெதிராக மாறி மாறி இறுக்க வேண்டும். முறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனரால் ஏறத்தாழ 30 அடி-பவுண்டு. மூடி செய்தோர் வேறு அளவு குறித்திருந்தால் அதுவே கணக்கு. தாங்கு திருகுகளை எல்லாவற்றிற்கும் கடைசியில் கவ்வியைத் தொடும் வரை கையால் திருகி, செய்தோர் சொன்ன மிகச் சிறு முறுக்கம் மட்டும் கொடுத்துப் பூட்டு நட்டை இறுக்க வேண்டும். இங்கே பலசாலிகளுக்கு வேலை இல்லை. ஓங்கி முறுக்கினால், காக்க வந்த திருகே கவ்வியைக் கோணச் செய்யும். பேரிங் சில நூறு மைலில் ஓலமிடும்.

பசை இறுகும் வரை எண்ணெய் ஊற்றலாகாது. ஓர் இரவும் பகலும் விடுதல் உத்தமம். மருமானுக்கு இதுதான் பொறுக்க முடியாத பகுதியாக இருந்தது. பிறகு 75 டபிள்யூ–140 தர எண்ணெய் ஏறத்தாழ 2 லிட்டர். இரு சக்கரங்களையும் ஓரளவு சேர்த்துப் பிடிக்கும் உராய்வுத் தட்டுகள் அவ்வண்டியின் டிஃபரன்ஷியலில் உண்டு. அவற்றிற்கெனச் சிறு சீசாவில் விற்கும் மருந்தையும் சேர்க்க வேண்டும். புது மூடியில் ஊற்றுதுளை எந்த உயரத்தில் இருப்பினும் அளவு பார்ப்பது பழைய துளையிலேதான். இல்லையேல் எண்ணெய் மிகும் அல்லது குறையும். பழைய எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாமல் கேனில் பிடித்து வாங்குவோரிடம் கொடுக்க வேண்டும்.

இறுதியாக, ஆளில்லா மைதானத்தில் மெதுவாக எட்டு வடிவில் பலமுறை ஓட்டினால் தட்டுகள் புது எண்ணெயை ஏற்கும். மறுநாள் காலையில் கீழே காகிதம் விரித்துப் பார்க்க வேண்டும். கசிவு இருந்தால் போல்ட்டை மேலும் முறுக்கிப் பயனில்லை. மூடியை எடுத்துப் பசையை மீண்டும் இடுவதே வழி. சுமார் நூறு மைல் ஓடிய பின் கீழ்விளிம்பை விரலால் தடவி, விரல் உலர்ந்து வந்தால் வேலை முடிந்ததெனக் கொள்ளலாம்.

கேட்க விரும்புவோர் கேட்கலாம். நம் ஃபிட்டர் அவர்களும் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கின்றார்.