நிற்காத கப்பல்கள்



வானொலியிலே பேச வந்த நான், வானொலி சம்பந்தப்பட்ட ஒரு செய்தியோடு தொடங்குகிறேன். 1940 ஏப்ரல் 9ஆம் திகதி ஹிட்லரின் படைகள் நோர்வேக்குள் புகுந்தன. அந்நாட்டு வர்த்தகக் கப்பல்களுட் பெரும்பாலானவை அப்போது உலகின் பல கடல்களிலும் சரக்கேற்றித் திரிந்துகொண்டிருந்தன. ஜேர்மனியர் கையில் விழுந்த வானொலி அவற்றுக்குக் கட்டளையிட்டது: நாடு திரும்புங்கள், இல்லையேல் நடுநிலை நாடொன்றின் துறைமுகத்தை அடையுங்கள். கப்பற்றலைவர்கள் அதைக் கேட்டார்கள். கேட்டுவிட்டு நேச நாட்டுத் துறைமுகங்களை நோக்கிக் கப்பலைத் திருப்பினார்கள்.

அதே ஏப்ரலில் லண்டனிலே 'நோட்ராஷிப்' என்ற அமைப்பு உருவாயிற்று. ஏறக்குறைய 1,000 கப்பல்கள் அதன் கீழ் வந்தன. அன்றைய உலகில் அதைவிடப் பெரிய கப்பல் நிறுவனம் இருக்கவில்லை. அரசரும் அமைச்சர்களும் ஜூன் மாதத்தில் நாட்டைவிட்டு வெளியேறிய பின்னர், அவர்களிடம் எஞ்சிய பெருஞ்சொத்து இந்தக் கப்பல்கள்தாம். அவற்றை ஓட்டியவர்கள் போர்வீரர்கள் அல்லர். சமையற்காரர், இயந்திர அறையில் எண்ணெய் போடுபவர், மீசை அரும்பாத கப்பற் பையன் ஆகிய இவர்களே. கூலிக்குக் கப்பலேறியவர்கள், வீடு திரும்பும் வழி அடைபட்டுப் போருக்குள் அகப்பட்டுக்கொண்டார்கள்.

'கொன்வோய்' என்ற சொல்லை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அது கடந்து போகும் வரை தெருவோரம் காத்து நின்ற தலைமுறை நாங்கள். கடலில் அது வேறுவிதம். சரக்குக் கப்பல்கள் பல நிரல்களாக, முன்னும் பின்னும் சில நூறு யார் இடைவெளியில் செல்லும். இரவில் வெளிச்சம் காட்டக்கூடாது. புகைபோக்கியிலிருந்து கரும்புகை எழக்கூடாது. அணியில் மிக மெதுவாகச் செல்லும் கப்பலின் வேகமே எல்லாவற்றின் வேகமும். இவற்றையெல்லாம்விடக் கொடியது இன்னொரு விதி: பக்கத்துக் கப்பல் அடிபட்டால் நிற்கக்கூடாது. நின்றால் அடுத்த டோர்பிடோ நின்ற கப்பலுக்கே. நீரில் தத்தளிப்பவரை எடுப்பது, வாய்ப்பிருந்தால், காவற்கப்பலின் வேலை அல்லது அதற்கென நியமிக்கப்பட்ட மீட்புக் கப்பலின் வேலை.

'வான்யா' என்ற நோர்வே எண்ணெய்க் கப்பலின் பயணமொன்றைச் சொல்கிறேன். 1942 டிசம்பர் இறுதியில் ட்ரினிடாட்டிலிருந்து 9 எண்ணெய்க் கப்பல்கள் ஜிப்ரால்டரை நோக்கிப் புறப்பட்டன. வட ஆபிரிக்காவில் போரிட்ட நேச நாட்டுப் படைகளுக்கான எரிபொருள் அவற்றில் இருந்தது. காவலுக்கு ஒரு நாசகாரியும் மூன்று சிறு போர்க்கப்பல்களும், ஆக நான்கே. ராடார்க் கருவிகள் எல்லாம் ஒழுங்காக வேலை செய்யவுமில்லை. 1943 ஜனவரி 3ஆம் திகதி முதற் கப்பல் அடிபட்டது. சில நாள் அமைதி. பின்னர் 8ஆம் திகதி இரவு தொடக்கம் 11ஆம் திகதி வரை, நீர்மூழ்கிகள் கூட்டமாக வந்து ஒவ்வொன்றாகக் கொத்தின. 'அல்பேர்ட் எல். எல்ஸ்வேர்த்', 'மினிஸ்டர் வெடல்', 'நோர்விக்' ஆகிய மூன்று நோர்வேக் கப்பல்களும் போயின. ஒன்பதில் ஏழு அழிந்தன. ஜிப்ரால்டருக்குள் நுழைந்தவை 'கிளியோனா' என்ற பிரித்தானியக் கப்பலும் நமது 'வான்யா'வும் மட்டுமே.

மூழ்கிய கப்பலைப் பாட நமக்குத் தெரியும். போய்ச் சேர்ந்த கப்பலை யார் பாடுகிறார்கள்? சொந்த ஊர்க்காரனும் சொந்த மொழிக்காரனும் இருந்த கப்பல் எரிவதைக் கண்ணால் கண்டபடி, வேகத்தைக் குறைக்காமல் கடந்து சென்றவர்கள் அந்தத் தளத்தில் நின்றார்கள். அடுத்தது தாங்களோ என்ற எண்ணத்தோடு, பற்றினால் அணையாத சரக்கின் மேல் அவர்கள் படுத்துறங்கினார்கள். சேர்ந்த இடத்தில் சரக்கை இறக்கிவிட்டு மீண்டும் புறப்பட்டார்கள்.

நோர்வே எழுத்தாளர் நோர்டால் கிறீக், இளமையில் மாலுமியாக இருந்த அனுபவத்தைக் கொண்டு 1924இல் ஒரு நாவல் எழுதினார். அதன் தலைப்பைத் தமிழில் 'கப்பல் தொடர்ந்து செல்கிறது' எனலாம். எழுதும்போது அவர் இந்தப் போரைக் கனவிலும் கண்டிருக்கமாட்டார். 1943 டிசம்பரில் பேர்லின் நகரின் மீது குண்டு வீசச் சென்ற விமானமொன்றில், போரைக் கண்டெழுதப் போயிருந்தபோது, அவரும் மாண்டார்.

நமது கடலிலும் ஒரு நோர்வேக் கப்பல் உண்டு. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி, ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹெர்மிஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்த கதையை அறிவோம். அன்றே நமது கிழக்குக் கடலில் 'நோர்விகன்' என்ற நோர்வேச் சரக்குக் கப்பலும் குண்டுபட்டு அழிந்தது. அவர்கள் தாய்நாடு பறிபோய் அன்றைக்குச் சரியாக இரண்டு வருடம்.

ஐந்து வருடம் வீட்டோடு ஒழுங்கான கடிதத் தொடர்பு இல்லை. இவ்விடத்தில் மணிமேகலையின் ஆதிரை நினைவுக்கு வருகிறாள். கலம் உடைந்து, ஒடிந்த மரத்தைப் பற்றி நாகர் தீவில் கரையேறிய சாதுவன் உயிரோடிருக்க, அவன் இறந்தான் என்ற பொய்ச் செய்தி அவளைத் தீயில் இறங்கச் செய்தது. 2022இல் வெளிவந்த 'போர் மாலுமி' என்ற நோர்வேத் திரைப்படத்தில் பொய்ச் செய்தி இருபக்கமும் போகிறது. மனைவி மக்கள் பேர்கன் நகரக் குண்டுவீச்சில் மாண்டார்கள் என்று மாலுமி நம்புகிறான். அவன் மாண்டான் என்று அவள் நம்புகிறாள். அந்தக் குண்டுவீச்சு கற்பனையன்று. 1944 அக்டோபர் 4ஆம் திகதி, ஜேர்மன் நீர்மூழ்கித் தளத்தைக் குறிவைத்த நேச நாட்டு விமானங்களின் குண்டுகள் ஒரு பாடசாலையிலும் விழுந்து பிள்ளைகள் பலரைக் கொன்றன. அந்த விமானங்களை வைத்திருந்த பிரித்தானியாவுக்கு எரிபொருள் கொண்டுவந்து சேர்த்தவர்களில் இந்தப் பிள்ளைகளின் நாட்டு மாலுமிகளும் இருந்தார்கள். தீ சுடாத ஆதிரைக்கு நேராதது இது.

போர் முடிந்தபோது ஏறக்குறைய 500 கப்பல்களும் 3,000க்கு மேற்பட்ட மாலுமிகளும் திரும்பவில்லை. திரும்பியவர்கள் ஒரு வழக்கோடு நின்றார்கள். போர்க்காலப் படியில் ஒரு பகுதியை அரசு அவர்கள் அறியாமல் ஓர் இரகசிய நிதியில் சேர்த்து வைத்திருந்தது. அது எங்கள் உழைப்பு என்றார்கள். 1954இல் உச்ச நீதிமன்றம் வரை சென்று தோற்றார்கள். ஒஸ்லோ நகர வைத்தியர் ஃபின் அஸ்கவோல்ட் அவர்களைப் பரிசோதித்து, குண்டு படாத உடம்புக்குள்ளும் போர் வருடக்கணக்காக நின்று அரிப்பதை எடுத்துச் சொன்னார். தூக்கமின்மை, நடுக்கம், மதுப்பழக்கம் என்று அது வெளிப்பட்டது. 1972இல் பாராளுமன்றம் மனமிரங்கி, கடலில் கழித்த ஒவ்வொரு மாதத்திற்கும் 180 குரோணர் கொடுத்தது. 2013இல் அரசு மன்னிப்புக் கேட்டது.

யோன் மிசெலெட் என்ற எழுத்தாளர் 2012 முதல் 2018 வரை இம்மாலுமிகளைப் பற்றி ஆறு பாகங்களில் நாவல் எழுதி, அதே 2018இல் மறைந்தார். நோர்வே சென்று அம்மொழியைக் கற்றுத் தேர்ந்த நம்மவர் பலர் இருக்கிறார்கள். அவர்களில் யாரேனும் அதில் ஒரு பாகத்தையாவது தமிழில் தந்தால் வாசிக்கக் காத்திருக்கிறேன்.