காசு கேளாத எழுத்து



கவிதையும் கதையும் பேசும் நேரத்தில் கணனியைப் பற்றிப் பேச வந்துவிட்டானே என்று எண்ண வேண்டாம். நான் சொல்லப்போவது ஒரு தாலாட்டின் கதை. அந்தத் தாலாட்டுக்கும் எனக்கும் நடுவே மென்பொருள் என்ற ஒன்று வந்து நின்றது. அதனால்தான் கணனியும் இந்தப் பேச்சுக்குள் வருகிறது.

1998ஆம் ஆண்டு, கொழும்பில் ஓர் அலுவலகம் கழித்துவிட்ட பழைய கணனி ஒன்றை அட்டனுக்குக் கொண்டு வந்தேன். திரைப்பெட்டி மடியிலும் மற்றது காலடியிலுமாக பஸ்ஸில் வந்த பயணம் அது. ஆசிரியர் சம்பளத்தில் சீட்டுக் கட்டி வாங்கிய பெட்டி. வீட்டில் வைத்து மின்சாரம் கொடுத்தபோது ஆங்கிலம் வந்தது, தமிழ் வரவில்லை.

எனக்கோ தமிழ்தான் வேண்டும். தோட்டத்தில் கொழுந்து கிள்ளி வாழ்ந்த என் அம்மாயிக்கு வயதாகிவிட்டது. பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு மலைக்கு ஏறிய காலத்துத் தாலாட்டுகளும், இழவு வீட்டில் பாடிய ஒப்பாரிகளும் அவர் நெஞ்சில் இருந்தன. அவற்றை எழுத்தில் ஏற்றிவிட வேண்டும் என்பதே என் ஆசை. மடக்கும்பரைத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை நம்மவர் பாடல்களைத் தேடித் தொகுத்து வழிகாட்டியிருந்தார் அல்லவா?

அந்நாளில் பணமில்லாதவனுக்கு மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, திருட்டுப் பிரதி. அதை விளக்க வேண்டியதில்லை. இரண்டாவது, பாவித்துப் பார்த்துப் பிடித்திருந்தால் பணம் அனுப்பும் முறை. 1982இல் அமெரிக்காவில் ஆண்ட்ரூ ஃப்ளூகல்மன் என்பவர் தமது ‘பிசி-டோக்’ மென்பொருளை அப்படித்தான் வெளியிட்டார். பிரதி எடுத்து நண்பருக்கும் கொடுங்கள் என்று அவரே சொன்னார். மூன்றாவது, முற்றிலும் இலவசமாகத் தரப்பட்டவை.

தமிழுக்கு இந்த மூன்றாவது வழியைத் திறந்தவர்களை நாம் மறக்கலாகாது. சுவிற்சர்லாந்தில் இரசாயன ஆய்வாளராக இருந்த கலாநிதி கல்யாணசுந்தரம் ‘மயிலை’ என்ற எழுத்துருவை ஆக்கி உலகத் தமிழருக்கு இலவசமாக வழங்கினார். மலேசியாவின் முத்து நெடுமாறன் ‘முரசு அஞ்சல்’ மென்பொருளுக்கு ஓர் இலவசப் பதிப்பும் தந்தார். ஆங்கில எழுத்துகளில் ஒலியைத் தட்டினால் தமிழ் வரும். தட்டச்சுப் பழகாதவர்களும் அதனால் எழுதினார்கள்.

எனக்குக் கிடைத்தது பாமினி எழுத்துரு. நண்பர் ஒருவர் பிளொப்பியில் போட்டுத் தந்தார். அம்மாயி பாட, நான் கொப்பியில் எழுதி, இரவில் தட்டினேன். தாலாட்டுகள் ஒரு பிளொப்பியிலும் ஒப்பாரிகள் இன்னொன்றிலும் சேர்ந்தன. 2001இல் அம்மாயி கண்மூடினார். எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் கொப்பியைக்கூட நான் கவனிக்கவில்லை. அது கறையானுக்குப் போயிற்று.

2007இல் புதுக் கணனி வந்தது. பழைய பிளொப்பியைப் போட்டுத் திறந்தேன். திரை நிறைய ஆங்கில எழுத்துகள். ஒரு சொல்லுக்கும் பொருளில்லை. “அப்பா, இது கெட்டுப்போச்சு, அழிச்சிடவா?” என்று மகள் கேட்டாள்.

அந்தக் கணத்தில் ஓர் இடத்தில் என் கண் நின்றது. எஃப், இசட், அரைப்புள்ளி, பெரிய என், மறுபடியும் இசட். தட்டிப் பழகிய விரலுக்கு அது தெரிந்தது. பாமினியில் அந்த விசைகள்தாம் ‘கண்ணே’. தாலாட்டு அழியவில்லை, உடையை மாற்றிக்கொண்டு நின்றது.

நேயர்களே, அக்கால எழுத்துருக்கள் பலவும் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை ஏற்றிக் காட்டியவை. அந்த எழுத்துரு இல்லாத கணனியில் ஆங்கிலமே தெரியும். ஒருங்குறியில் தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி எண்கள் உண்டு. ஆகையால் எந்த எழுத்துருவில் திறந்தாலும் தமிழ் தமிழாகவே நிற்கும். பழையதைப் புதியதாக மாற்ற, நம் நாட்டிலிருந்து புலம்பெயர்ந்த சுரதா யாழ்வாணன் ஒரு மாற்றியை இணையத்தில் இலவசமாக வைத்திருந்தார். அதில் ஒட்டினேன். ஒரே நொடியில் அம்மாயி பேசினார்.

ஒப்பாரிப் பிளொப்பி திறக்கவே இல்லை. அட்டன் பனியில் உள்ளே பூஞ்சணம் பிடித்திருந்தது. தாத்தா இறந்தபோது அம்மாயி பாடிய ஒப்பாரி அதில்தான் இருந்தது. இன்னொரு பிரதி எடுத்து யாரிடமாவது கொடுத்திருந்தால் அது இன்றும் இருந்திருக்கும். குற்றம் என்னுடையது.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் தொடங்கிய இயக்கம் வற்புறுத்துவதும் இதைத்தான். ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் விடுதலைக்கும் ஒரே சொல். தமிழில் நாம் பிரித்தே சொல்கிறோம். விலையில்லாதது இலவசம், பகிரவும் திருத்தவும் உரிமை தருவது கட்டற்ற மென்பொருள். இன்று மலிவாகக் கிடைப்பது மட்டும் மலிவல்ல. நாளைக்கு நம் எழுத்தை நம்மிடமே திருப்பித் தருவதுதான் உண்மையில் மலிவு.

தாலாட்டும் அப்படித்தானே? அம்மாயி அதைத் தன் தாயிடம் காசு கொடுத்து வாங்கவில்லை. நான்கு பேருக்குப் பாடிக் கொடுத்ததால் அவருக்கு ஒன்றும் குறையவுமில்லை. கொடுக்கக் கொடுக்கத்தான் அது பிழைத்தது.

2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்த்து யாவருக்கும் திறந்து வைத்திருக்கிறது நூலகம் திட்டம். நம் மலையக ஏடுகளும் அங்கே உண்டு. உங்கள் வீட்டு அலுமாரியிலும் ஒரு பழைய பிளொப்பியோ இறுவட்டோ கிடக்கலாம். பனிக்காலம் வருமுன் அதை எடுத்துப் பாருங்கள். விளங்காத ஆங்கிலம் தெரிந்தால் அழித்துவிடாதீர்கள்; அதற்குள் ஒரு ‘கண்ணே’ இருக்கக்கூடும்.